தவிர்க்கும் காப்பும் தாங்கும் காப்பும்: மலைவீதியில் வாகனம் உயிரைக் காக்கும் விதம்

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பஸ்ஸில் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு ஒரு வாடை நன்றாகப் பழகியிருக்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வாகனத்தின் சில்லுப் பக்கத்திலிருந்து, ஏதோ கருகுவதைப் போல அது எழும். பலரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பதோடு அதை மறந்துவிடுகிறோம். உண்மையில் அது, பிரேக் தன் பிடிமானத்தை இழக்கத் தொடங்கிவிட்டது என்று வாகனம் நமக்குத் தரும் முதல் அறிவிப்பாகும்.

2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற பஸ் ஒன்று இதே வீதியில் கெரண்டி எல்ல பகுதியில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நான்கு மாதங்கள் செல்வதற்குள், செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பாதாளத்தில் வீழ்ந்து குறைந்தது 15 உயிர்களைப் பறித்தது. இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நம் வாயிலிருந்து வரும் முதற் கேள்வி, "எப்படி வீதியை விட்டு விலகியது?" என்பதாகும். அதற்குச் சமமான முக்கியத்துவம் உடைய இரண்டாவது கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்: விலகி உருண்ட பின், உள்ளே இருந்தவர்களை அந்த வாகனத்தின் எந்தப் பகுதி காத்தது, எந்தப் பகுதி கைவிட்டது?

வாகனப் பாதுகாப்பு என்னும் துறை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் மீதே நிற்கிறது. விபத்து நேராமல் தடுக்கும் ஏற்பாடுகளை 'ஆக்டிவ்' பாதுகாப்பு என்றும், நேர்ந்துவிட்ட விபத்தில் உடலுக்கு வரும் சேதத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளை 'பேசிவ்' பாதுகாப்பு என்றும் பொறியியலாளர்கள் அழைக்கிறார்கள். இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் மயங்கும் என்பதால், இக்கட்டுரையில் முதலாவதைத் தவிர்க்கும் காப்பு என்றும் இரண்டாவதைத் தாங்கும் காப்பு என்றும் குறிப்பிடுகிறேன். பிரேக், டயர், ஸ்டியரிங், முன்விளக்கு, சில்லுகள் இறுகிச் சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் ஆகியவை தவிர்க்கும் காப்பைச் சேர்ந்தவை. ஆசனப் பட்டி, காற்றுப்பை, நொறுங்கும் முன்பகுதி, உறுதியான கூரை, தலைக்கவசம் ஆகியவை தாங்கும் காப்பைச் சேர்ந்தவை.

இவற்றுள் தாங்கும் காப்பின் உட்பொருளை முதலில் பார்ப்பது எளிது. மோதலில் மனிதனைக் கொல்வது வேகம் அன்று. அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்துக்குள் பூச்சியமாகிறது என்பதே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் மதில் ஒன்றில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டி அணியாத பயணி கார் நின்ற பின்னும் அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்று, டேஷ்போர்டிலோ கண்ணாடியிலோ மோதி ஐந்து சென்றிமீற்றர் தூரத்துக்குள் நின்றுபோனால், அவர் உடல் மீது விழும் விசை அவருடைய எடையைப் போல் ஏறத்தாழ 200 மடங்காக இருக்கும். பட்டியால் ஆசனத்தோடு பிணைக்கப்பட்டிருப்பவரோ காரின் முன்பகுதி நசுங்கும் தூரத்தையும் தனக்குரிய நிறுத்தும் தூரமாகப் பெற்றுக்கொள்கிறார். அது 60 சென்றிமீற்றராக இருந்தால், விசை 16 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். தாங்கும் காப்பு என்பது இந்தச் சில பத்துச் சென்றிமீற்றர்களைச் சம்பாதித்துத் தரும் கலை என்று சொல்லலாம்.

நொறுங்க வேண்டிய இடத்தில் வாகனம் நொறுங்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் வடிவமைப்பாக மாற்றியவர் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் பேலா பாரேனி. அதுவரை, வளையாத கட்டுறுதியான காரே பாதுகாப்பான கார் என்று உலகம் நம்பியிருந்தது. அவர், பயணிகள் அமரும் கூட்டை மட்டும் உறுதியாக வைத்து, முன்னும் பின்னும் இருக்கும் பகுதிகள் மோதலின் சக்தியை உள்வாங்கி நசுங்கும்படி அமைத்தார். 1959இல் அந்த வடிவில் கார்கள் விற்பனைக்கு வந்தன. அதே 1959இல்தான் சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை ஆசனப் பட்டியும் கார்களில் பொருத்தப்பட்டது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி வொல்வோ அதன் காப்புரிமையைத் திறந்து விட்டது. முன்னாசனத்தில் இருப்பவரின் மரண அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் அந்தப் பட்டியை, இன்றும் நம் ஊர்களில் பொலிஸாரைக் கண்டதும் மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு துணியாகவே பலர் கருதுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பிள்ளையை மடியில் வைத்து இறுக அணைத்துக்கொண்டால் போதும் என்று நம்பும் தாய்மார்களுக்காக ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் பத்தில் ஒரு செக்கனில் நின்றுபோனால், 10 கிலோ எடையுள்ள குழந்தை 140 கிலோ விசையோடு கைகளிலிருந்து முன்னோக்கி இழுக்கப்படும். ஏறத்தாழ மூன்று சீமெந்து மூட்டைகளை ஒரு கணத்தில் இரு கைகளாலும் பிடித்து நிறுத்துவதற்கு அது ஒப்பானது. எந்தத் தாயின் அன்பிலும் குறைவில்லை, ஆனால் எந்தத் தாயின் கையிலும் அந்த வலு இல்லை.

இவ்வளவு வலிமை வாய்ந்த தாங்கும் காப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மலையகத்தில் வாழும் நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் 1997இல் தொடங்கப்பட்ட யூரோ என்கேப் அமைப்பு, கார்களை நட்சத்திரம் கொடுத்துத் தரப்படுத்துவதற்காகப் பல ஆண்டுகள் நடத்திய முன்பக்க மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 64 கிலோமீற்றராகும். ஒரு பொருள் 16 மீற்றர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். நம் வீதிகளின் ஓரத்தில் இருக்கும் பள்ளங்களில் எத்தனை 16 மீற்றரோடு முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சரிவில் உருளும் வாகனம் அங்கங்கே மரத்திலும் மண்ணிலும் தடைபட்டு விழும் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே பொருத்த முடியாது. எனினும், உலகின் மிகச் சிறந்த கார் எந்த அடிக்காக உருவாக்கப்பட்டதோ அதைவிடப் பெரிய அடியை நம் வீதியோரம் தரக்கூடும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. சமவெளியில் வீதியை விட்டு விலகும் வாகனம் வயலில் இறங்கி நிற்கலாம். இங்கே அப்படியில்லை. ஆகவே, வாகனத்தை வீதியிலேயே வைத்திருக்கும் தவிர்க்கும் காப்பு மலையகத்தில் இரட்டிப்பு மதிப்புடையது.

மழை பெய்து ஓய்ந்த தேயிலைமலைப் பாதையில் கொழுந்துக் கூடையோடு இறங்குபவர்களின் கால்களைக் கவனித்திருப்பீர்கள். வழுக்கும் இடத்தில் அவர்கள் ஒரே அடியாகக் காலை அழுத்தி ஊன்றுவதில்லை; சிறிது ஊன்றி, வழுக்குவதை உணர்ந்து, எடுத்து, மீண்டும் ஊன்றி, மண்ணின் பிடியைத் தேடிக்கொண்டே இறங்குவார்கள். ஏபிஎஸ் செய்வதும் இதையேதான். திடீரென பிரேக்கை அழுத்தும்போது சில்லு முற்றாக இறுகிவிட்டால், அது உருளாமல் சறுக்கும். சறுக்கும் சில்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் வாகனம் திரும்பாது. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் அளந்துகொண்டிருக்கும் ஏபிஎஸ், இறுகப்போகும் சில்லின் பிரேக்கை ஒரு செக்கனுக்குள் பல தடவைகள் தளர்த்தியும் அழுத்தியும், சாரதி பிரேக்கை மிதித்தபடியே வாகனத்தைத் திருப்பவும் வழி செய்கிறது. அப்போது கால் மிதியில் தட்டுவது போன்ற அதிர்வு தோன்றும். அதைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடக் கூடாது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறை 1978இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமானது.

அதன் அடுத்த படியான இஎஸ்சி என்னும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 1995இல் வந்தது. மலைவீதிக்கென்றே ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தால், இதைத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. சாரதி ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறார் என்பதையும் வாகனம் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஈரமான வளைவில் முன்சில்லுகள் பிடியிழந்து, வாகனத்தின் மூக்கு பள்ளத்தின் பக்கம் இழுபடத் தொடங்கினால், வளைவின் உட்பக்கத்துப் பின்சில்லை மட்டும் அது பிரேக் பிடிக்கும்; அந்த ஒற்றைச் சில்லை மையமாகக் கொண்டு வாகனம் வளைவுக்குள் இழுத்துத் திருப்பப்படும். பின்பகுதி வெளியே வீசுப்பட்டால், வெளிப்பக்கத்து முன்சில்லைப் பிடிக்கும். இப்படி ஒரேயொரு சில்லைத் தெரிந்து பிரேக் போடுவது எந்தத் திறமையான சாரதிக்கும் இயலாத காரியம், ஏனெனில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் மிதிதான். வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல் தனியாக வீதியை விட்டு விலகி நேரும் மரண விபத்துகளை இக்கருவி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. 2012இலிருந்து அங்கும், 2014இலிருந்து ஐரோப்பாவிலும் புதிய கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.

இரண்டு காப்புகளும் ஒன்று சேரும் இடம் எது என்பதே இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி. ஒன்று தோற்றால் மற்றொன்று என்று வரிசையில் நிற்பவையாக அவற்றை நினைப்பது பாதி உண்மைதான். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 60 கிலோமீற்றரில் நேரவிருந்த மோதலைத் தானியங்கி அவசர பிரேக் 40க்குக் குறைத்துவிட்டால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும், ஆனால் சக்தி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். விபத்து தவிர்க்கப்படவில்லை, எனினும் பட்டியாலும் காற்றுப்பையாலும் தாங்கக்கூடிய அளவுக்கு அது சுருக்கிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில், தாங்கும் காப்பும் தவிர்ப்பதற்கு உதவுகிறது: கொண்டையூசி வளைவில் வாகனம் குலுங்கும்போது, ஆசனப் பட்டி அணிந்த சாரதி தன் இடத்தில் நிலையாக அமர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும், அணியாதவர் விழாமலிருக்க அதே ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். காற்றுப்பையும் தனியாக நம்பத்தக்கது அன்று. ஏறத்தாழ 30 மில்லி செக்கனுக்குள், வெடிப்பின் வேகத்தோடு விரியும் அது, பட்டியால் பின்னுக்கு இழுத்து நிறுத்தப்பட்ட உடலை ஏந்திக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்டது. பட்டியின்றி அதை நோக்கி வீசப்படும் உடலுக்கு அதுவே அடியாக மாறக்கூடும்.

இன்னொருவருடைய காப்பும் இதில் கலந்திருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் உயிரிழந்த ஏழு பேரும் அந்தச் சிறு வாகனங்களில் இருந்தவர்கள். பாரமான வாகனத்தின் தவிர்க்கும் காப்பு தவறும்போது, எதிரே வரும் சிறிய வாகனத்தின் தாங்கும் காப்பு அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. பஸ்ஸிலும் லொறியிலும் பிரேக் சரியாக இருப்பது அவற்றில் பயணிப்பவர்களுடைய விடயம் மட்டுமன்று.

இனி, தொடக்கத்தில் சொன்ன வாடைக்கு வருகிறேன். பயணிகளோடு 12 தொன் எடையுள்ள பஸ் ஒன்று உயரத்தில் 500 மீற்றர் கீழிறங்கும்போது, ஏறத்தாழ 5 கோடியே 88 இலட்சம் ஜூல் சக்தி வெளிப்படுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அதே பஸ்ஸை ஐம்பது முறை முற்றாக நிறுத்துவதற்கு இது சமம். 180 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் மட்டுமே உள்வாங்க நேர்ந்தால், உராய்வுப் பொருள் சூடேறித் தன் பிடியை இழக்கும். சில்லோடு சேர்ந்து சுழலும் டிரம் என்னும் உருளை விரிவடைந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டையிலிருந்து விலகிப்போகும். கார்களிலும் வான்களிலும் இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது நியமம், ஈரம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 பாகையாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்துக் குமிழியானால், குமிழி அழுந்திக் கொடுக்கும், மிதி தரையைத் தொடும், சில்லு நிற்காது. காற்றழுத்த பிரேக் உள்ள பெரிய பஸ்களிலோ, விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இறங்கினால் தாங்கியில் சேர்ந்திருக்கும் காற்று தீர்ந்துவிடும்.

இதற்குரிய மருந்து மிகப் பழையது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மூத்த சாரதிகள் சொல்வார்கள். அப்போது எஞ்சினே வாகனத்தை இழுத்துப் பிடித்து, வெப்பத்தின் பெரும்பகுதியைப் பிரேக்கிலிருந்து தன்மீது வாங்கிக்கொள்கிறது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்குவது, இந்தக் காப்பைத் தன் கையால் கழற்றி வீசுவதாகும். மேலும், இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்வதால், அதில் மிச்சமும் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை ஓட்டுபவர்கள், கியர் நெம்பில் உள்ள 'B' நிலை (வாகனத்தை நிறுத்தி வைக்கும் 'P' அன்று) இதற்காகவே இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்தக் கார்கள் சரிவில் இறங்கும்போது மின்கலத்தை நிரப்பிக்கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும்; நீண்ட இறக்கத்தில் மின்கலம் நிரம்பிவிட்டால் அந்த உதவி நின்றுபோகும்; அப்போது எஞ்சின் கைகொடுக்காவிட்டால், சுமை சாதாரண பிரேக்கின் மீது விழும்.

பஸ்களைப் பொறுத்தவரை, தாங்கும் காப்பைப் பற்றி நம் நாட்டில் நடைபெறும் பேச்சு போதாது. உருளும் பஸ்ஸில் பலர் இறப்பது, கூரையும் பக்கச் சுவரும் உட்பக்கம் சரிந்து நசுக்குவதாலும், ஆட்கள் வெளியே வீசப்பட்டு அதே பஸ்ஸின் கீழ் அகப்படுவதாலுமே. ஐக்கிய நாடுகள் சபையின் 66ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி இதற்கொரு சோதனையை வகுத்திருக்கிறது: 800 மில்லிமீற்றர் உயர மேடையிலிருந்து பஸ்ஸைப் பக்கவாட்டில் கவிழ்த்து, பயணிகள் இருக்கும் வெளிக்குள் கூட்டின் எந்தப் பாகமும் நுழையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லொறிச் சட்டகத்தின் மீது உள்ளூரில் கட்டப்படும் பஸ் கூடுகளுக்கும் இத்தகைய சோதனை வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அன்று. இரவு நேர நெடுந்தூரச் சேவைகளில் எல்லா ஆசனங்களுக்கும் பட்டி வேண்டும் என்பதும் அப்படியே.

முச்சக்கர வண்டியில் தாங்கும் காப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதும் பிரேக்கும் டயரும் மட்டுமே கதி. மோட்டார் சைக்கிளில் தாங்கும் காப்பு தலைக்கவசம் ஒன்றுதான், அதுவும் தாடைப் பட்டி பூட்டப்பட்டிருந்தால் மட்டும்.

அண்மையில் உறவினர் திருமணத்துக்காக ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு வானை வாடகைக்குப் பிடித்திருந்தோம். ஏறியதும் பின்னாசனப் பட்டிகளைத் தேடினேன். பூட்டுகள் எதுவும் கண்ணில் படவில்லை. "அதெல்லாம் யாரும் போடுறதில்லங்க ஐயா, சீட் கவர் அடிக்கும்போது உள்ள போயிருச்சு" என்றார் சாரதித் தம்பி. கவரின் ஓரத்தைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டபோது, ஆசனத்துக்கும் சாய்மனைக்கும் இடையில், தூசியும் நிலக்கடலைத் தோலும் படிந்த நிலையில் மூன்று பூட்டுகள் அகப்பட்டன. துடைத்து, ஒவ்வொரு பட்டியையும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். இரண்டு பட்டிகள் இழுத்த மாத்திரத்தில் இறுகி நின்றன. ஒன்று தொளதொளவென்று வந்துகொண்டே இருந்தது. அந்த ஆசனத்தில் ஒருவரும் அமராமல் பலகாரப் பெட்டிகளை வைத்தோம். புறப்படும் முன், சாவியைத் திருப்பியதும் எரிந்த காற்றுப்பை விளக்கு சில செக்கன்களில் அணைகிறதா என்றும் பார்த்தோம். அணைந்தது. அது அணையாமலே எரிந்தாலோ, தொடக்கத்தில் எரியவே இல்லை என்றாலோ, அந்த அமைப்பில் பழுது இருக்கிறது, அல்லது முன்பொரு விபத்தில் விரிந்த பைக்குப் பதிலாக எதுவும் பொருத்தப்படவில்லை என்று கொள்ள வேண்டும். பழைய வாகனம் வாங்கச் செல்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிறு விளக்கைத்தான்.

நானுஓயாவைத் தாண்டியதும் மூடுபனி இறங்கத் தொடங்கியது. தம்பி முன்விளக்கைத் தாழ்த்தி, கியரைக் குறைத்தார். பின்னாசனத்திலிருந்த மாமி பட்டி கழுத்தை உறுத்துவதாகச் சொன்னதால், அதைத் தோளுக்கு நடுவாகவும் கீழ்ப்பட்டியை வயிற்றின் மீதன்றி இடுப்பெலும்பின் மீதும் இழுத்துப் போட்டுவிட்டேன். பண்டாரவளைக்குப் போய்ச் சேரும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.